நாலு பத்தும் மூன்று பத்தும்

நமது அடுத்த வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு வாசிக்கிறாள். சென்ற வாரம் ஒரு மாலை, கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"இதோ பாருங்க தாத்தா, எல்லாத்துக்கும் டிக்!" என்றாள்.

வாஸ்தவந்தான். 30-ம் 40-ம் 70. 20-ம் 60-ம் 80. 90-லிருந்து 50 போனால் 40. பக்கம் முழுவதும் சிவப்பு மையில் சரி அடையாளம். நமக்கு மெத்தச் சந்தோஷம். அத்துடன் நிறுத்திக்கொண்டு குழந்தையைத் தட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் வயதானவர்களுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடிவதில்லை. "30-ம் 4-ம் எத்தனை, கண்ணு?" என்று கேட்டு வைத்தோம்.

யோசனையே இல்லாமல் "எழுபது" என்று எழுதினாள்.

எப்படி என்று கேட்டதற்கு, நம் அறியாமையைக் கண்டு இரங்கியவள்போல் விளக்கினாள்: "சைபரை எடுத்துடணும். மூணும் நாலும் ஏழு. அப்புறம் சைபரைத் திருப்பிப் போட்டுடணும். மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க."

"ஆனால் இங்கே ஒரு சைபர்தானே இருக்கிறது?"

"ஆமா. அந்த ஒண்ணைத்தான் திருப்பிப் போட்டேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? குழந்தை தனக்குச் சொல்லப்பட்ட விதியைச் சிறிதும் பிசகாமல் அநுசரித்திருக்கிறாள். குற்றம் அவள்மீது இல்லை. உபாத்தியாயினியையும் நாம் குறை கூற மாட்டோம். இதே விதியைத்தான் நமக்கும் சொல்லிக் கொடுத்தார்கள், நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். சைபரைத் தொப்பிபோல் கழற்றுவது, கூட்டுவது, மறுபடி மாட்டுவது. பத்துப் பத்தாகப் போகும் எண்களுக்கு இந்த வித்தை பலிக்கும். மற்ற இடத்தில் காலை வாரிவிடும். எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? 30-ல் இருக்கும் மூன்று எதை எண்ணுகிறது, 4 எதை எண்ணுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அல்லவா தெரியும்?

நோட்டை மடிக்கும்போது அவள் வேறொன்றும் கேட்டாள்: "தாத்தா, முப்பதுன்னா தேர்ட்டியா, தேர்டீனா?"

இந்தக் கேள்விதான் நம்மை இவ்வாரம் எழுதத் தூண்டியது.

நேயர்கள் சற்றுத் தமிழ் எண்ணுப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். இருபது என்பது இரு பத்து. முப்பது மூன்று பத்து. நாற்பது நான்கு பத்து. ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் அப்படியே. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும். முப்பது என்றால் மூன்று பத்து. எது முன்னே நிற்கிறது, எது பின்னே நிற்கிறது என்பதிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் தேர்டீனுக்கும் தேர்ட்டிக்கும் உள்ள பேதம் கடைசி ஓசை ஒன்றுதான். முப்பது குழந்தைகள் இரைச்சலிடும் வகுப்பில், பின் வரிசையில் இருப்பவளின் காதில் அந்த ஓசை விழாமற் போவது சகஜம். லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களிலோ பத்து இருப்பதற்கான அடையாளமே இல்லை. ஆங்கிலேயக் குழந்தைகள் அவற்றை உருப்போட்டுத்தான் கற்கிறார்கள். ஹிந்திக் குழந்தைகளின் பாடு இன்னும் கஷ்டம். நூறு வரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் கிட்டத்தட்டத் தனிப் பெயரே நெட்டுருப் பண்ண வேண்டும். சீனரும் ஜப்பானியரும் நம்மைப் போலவே 'இரண்டு பத்து', 'மூன்று பத்து' என்கிறார்கள்.

இப்படி நம் வீட்டு வார்த்தையிலேயே இலவசமாகக் கிடைக்கும் பாடத்தை நாம் மூன்று வயதிலேயே பிடுங்கிவிட்டு, ட்வென்ட்டி, தேர்ட்டி என்று கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கச் செய்கிறோம். பூக்காரி "முழம் ஐம்பது" என்றால், "ஐம்பதுன்னா ஃபிப்டியா பாட்டி?" என்று கேட்கும் குழந்தைகள் சென்னைப் பட்டணத்தில் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பின்னால் தாராளமாகக் கற்கட்டும். கணக்கு முதன்முதல் மனத்தில் இறங்கும்போது, அம்மா பேசும் வார்த்தையில் இறங்கட்டும் என்கிறோம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வாசிக்கும் குழந்தைக்கும் வீட்டில் இதைச் செய்வதற்கு யாருடைய அநுமதியும் தேவையில்லை.

தமிழிலும் ஓரிடத்தில் தடுக்கி விழவேண்டித்தான் இருக்கிறது. எண்பதுக்குப் பின் 'ஒன்பது பத்து' என்று வரவேண்டிய இடத்தில் தொண்ணூறு வந்து நிற்கிறது. நூறு ஆவதற்கு முன்பே அதன் பெயரில் நூறு ஏறிக்கொண்டுவிட்டது! இந்த விநோதத்துக்காகத் தொல்காப்பியரே தனியாக ஒரு சூத்திரம் செய்ய நேர்ந்தது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழம்பெயரும் உண்டு என்பதைப் பண்டிதர்கள் அறிவார்கள். குழந்தைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. "தொண்ணூறு என்றால் ஒன்பது பத்து, பெயர் மட்டும் குறும்பு பண்ணுகிறது" என்று சொன்னால் போதும், சிரித்துக்கொண்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மறுநாள் அக்குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு வேறு வழியில் ஆரம்பித்தோம். கொல்லைத் தென்னையிலிருந்து விழுந்த மட்டையின் ஈர்க்குகளை அரைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, இருநூறு குச்சிகள் சேகரித்தோம். (விளக்குமாற்றிலிருந்து உருவாதீர்கள், வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பட்டணத்தில் தென்னை இல்லாதவர்கள் ஐஸ் குச்சியோ, எரிந்த தீக்குச்சியோ வைத்துக்கொள்ளலாம். புளியங்கொட்டையையும் சிறு துணியில் முடிந்துகொள்ளலாம். ஆனால் முடிச்சுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாதது ஒரு குறை.)

முதல் நாள் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. எண்ணிக் கட்டுவதுதான் வேலை. பத்துக் குச்சியை எண்ணி நூலால் ஒரு கட்டு. மறுபடி பத்து, மறுபடி ஒரு கட்டு. குழந்தையே கட்டவேண்டும் என்பது முக்கியம். நாம் கட்டிக் கொடுத்துவிட்டால் அது அவளுக்கு ஏதோ ஒரு சாமான். அவளே பத்து வரை எண்ணிச் சுற்றி முடிந்தால்தான் 'இதற்குள்ளே பத்து இருக்கிறது' என்ற நிச்சயம் விரலில் ஏறும். இரண்டொரு கட்டில் ஒன்பதும் பதினொன்றும் இருந்தன. சந்தேகப்பட்ட கட்டை அவிழ்த்து எண்ணி மறுபடி கட்டச் சொன்னோம். அதில் கழிந்த நேரம் வீணல்ல. ஒன்றாக இருப்பது பத்தாகவும் இருக்கிறது, பத்தாக இருப்பது ஒன்றாகவும் இருக்கிறது என்பதே இந்தப் பாடத்தின் உயிர். பெரியவர்களாகிய நமக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றுகிறது. ஏழு வயதுக்கு அது ஓர் அத்வைத விசாரம்.

இரண்டாம் நாள், மூன்று கட்டை ஒரு பக்கமும் நான்கு கட்டை மறு பக்கமும் வைத்து, எத்தனை என்றோம். "ஏழு கட்டு" என்றாள். ஏழு கட்டு என்றால் ஏழு பத்து. ஏழு பத்து என்றால் எழுபது. பெயர் தானாகவே வாயில் வந்துவிட்டது. சைபரைக் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை. பிறகு மூன்று கட்டும் நான்கு உதிரிக் குச்சியும் வைத்தோம். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். குச்சிகளைப் பார்த்தாள், நம்மைப் பார்த்தாள். "இது கட்டு இல்லையே!" என்றாள். அந்த ஒரு வார்த்தை, பக்கம் நிறைந்த சிவப்பு அடையாளங்களைவிட நமக்குப் பெரிதாகப் பட்டது.

"முப்பத்தி நாலு" என்று சொன்னவளிடம் பலகையில் எழுதச் சொன்னோம். 304 என்று எழுதினாள்.

அருகிலிருந்த அவள் தாயார் தலையில் அடித்துக்கொண்டார். "முப்பத்து நாலு தெரியாதாடி உனக்கு?" என்று ஆரம்பித்தவரை நாம் தடுக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் அந்தப் பெண் செய்தது பழந்தமிழர் செய்ததற்கு வெகு சமீபம். நம் முன்னோர் பத்துக்கு ௰ என்று ஒரு தனிக் குறி வைத்திருந்தார்கள். நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. மூன்றுக்கு ௩, நான்குக்கு ௪. முப்பது என்பதை ௩௰ என்று, மூன்றையும் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதினார்கள். முப்பத்து நான்கு ௩௰௪. வாயால் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுத்து. இந்த எழுத்தில் ௩௰-ம் ௪௰-ம் ௭௰ என்பதைக் கண்ணாலேயே கூட்டிவிடலாம். ௩௰-ம் ௪-ம் ௭௰ என்று எழுத யாருக்கும் கை வராது. தொண்ணூறுங்கூட ஏட்டில் சாதுவாக ௯௰ என்றே நிற்கிறது, குறும்பெல்லாம் பெயரில்தான். 'முப்பது' என்று கேட்டு 30 எழுதி, 'நாலு' என்று கேட்டுப் பக்கத்தில் 4 போட்ட குழந்தை, காதில் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள். அவள் அறியாதது ஒன்றே: இப்போதைய முறையில் பத்துக்கென்று தனிக் குறி கிடையாது, இடம்தான் குறி.

பூஜ்யத்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். பிரம்மகுப்தர் 628-ம் வருஷத்திலேயே பூஜ்யத்தோடு கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தவர் என்பதும் உண்மை. ஆனால் 30-ல் அந்தப் பூஜ்யம் என்ன வேலை செய்கிறது என்று நம் வீட்டுக் குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்கிறோமா? 'உதிரிக் குச்சி ஒன்றும் இல்லை' என்று அது சொல்கிறது. அவ்வளவுதான். உதிரி நான்கு வந்ததும் அதற்கு அங்கே வேலை இல்லை; எழுந்து இடம் கொடுத்துவிடுகிறது. பலகையில் இரண்டு கட்டம் போட்டு, இடது பக்கம் 'கட்டு', வலது பக்கம் 'உதிரி' என்று தலைப்பிட்டோம். மூன்று கட்டு, நான்கு உதிரி: 34. மூன்று கட்டு, உதிரி இல்லை: 30. அரை மணியில் 304 மறைந்துவிட்டது.

இதெல்லாம் நாம் கண்டுபிடித்த வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரையில் இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அவருடைய பொன்மணிகள் பிரசித்தமானவை: தனி மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து மணி ஒரு கோல், பத்துக் கோல் சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் சேர்ந்த கன வடிவம் ஆயிரம். இன்று அந்தப் பெட்டிக்குக் கடையில் கேட்கும் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வருகிறது. தென்னை ஈர்க்கு இருக்கும்போது கவலையில்லை. 1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டையும், அதன்பின் டாக்டர் ஜாகீர் ஹுசேன் கமிட்டி வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தையும் நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே குழந்தை தக்ளியில் தானே நூற்ற நூலைத் தானே எண்ணியது. நான்கடிச் சுற்று 160 கொண்டது ஒரு லட்டி. நான்கு லட்டி, அதாவது 640 சுற்று, ஒரு சிட்டம். 160-ம் 160-ம் சேர்ந்தால் எவ்வளவு என்பது அக்குழந்தைக்குப் புஸ்தகக் கேள்வி அல்ல. தன் கை உழைப்பின் அளவு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றலிலும், 2022-ல் தமிழகத்தில் ஆரம்பமான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் கையால் தொட்டுக் கற்பதற்கே முதலிடம். சர்க்கார் பள்ளிக்கூடம் செய்ய முயலுவதை, நிறையச் சம்பளம் கட்டும் பள்ளிக்கூடத்துக் குழந்தையின் வீட்டிலாவது செய்யக்கூடாதா என்பதே நம் கேள்வி.

கழித்தலுக்கு வருவோம். 70-லிருந்து 30 போக எவ்வளவு என்றால், பல குழந்தைகள் எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று விரல்விட்டுப் பின்னால் நடக்கத் தொடங்கும். ஐம்பதுகளில் எங்கேயோ வழி தவறும். தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் முப்பது அடி நடப்பதற்குப் பதில் மூன்று தாவல் தாவலாம் என்று அதற்கு யாரும் காட்டவில்லை. ஏழு கட்டை முன்னே வைத்து மூன்று கட்டை எடுத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. இதில் ஒரு விளையாட்டும் உண்டு. ஏழு கட்டைக் காட்டிவிட்டு, குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லிச் சிலவற்றை முறத்தால் மூடிவிட வேண்டும். "நாற்பது வெளியே இருக்கிறது; முறத்துக்குள்ளே எவ்வளவு?" நம் சிநேகிதி இதை ஒரே மாலையில் இருபது தடவை ஆடினாள்; பிறகு நம்மைக் கண் மூடச் சொல்லித் தானே ஒளித்து வைத்தாள். ஒளித்து வைப்பவளும் கணக்குப் போட்டாக வேண்டும் அல்லவா?

மளிகைக் கடைக்காரர்களிடம் வேறொரு கழித்தல் இருந்தது. அறுபது ரூபாய்ச் சாமானுக்கு நூறு ரூபாய் நோட்டு நீட்டினால், அவர்கள் கழிப்பதே இல்லை. "அறுபது" என்று சாமானை வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்து ரூபாயாக நம் கையில் போட்டு, "எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு" என்று ஏறுவார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே பாதையின் போக்கும் வரவுந்தான் என்பதை இதைவிட அழகாக எந்த உபாத்தியாயரும் காட்ட முடியாது. கூட நின்ற குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது.

இப்போது அந்தப் பாடசாலை மூடப்பட்டு வருகிறது. 1957 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி என்று குழந்தைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தசாம்ச நாணயம் வந்து எல்லாம் பத்தும் நூறுமாக எளிதாயிற்று. எளிதானதை அநுபவிப்பதற்குள் காசே கண்ணில் படாமற் போய்விட்டது. 2016-ல் வந்த யூ.பி.ஐ. முறையில் அப்பா கைபேசியை ஓர் அட்டைக்கு நேரே காட்டுகிறார். கடையிலுள்ள பெட்டி தொகையைக் கூவுகிறது. மீதிச் சில்லறை என்ற பேச்சே இல்லை. சௌகரியத்தை நாம் குறை சொல்லவில்லை. நாமும் அப்படித்தான் காய்கறி வாங்குகிறோம். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது பத்து ரூபாய் நோட்டுகளாகக் குழந்தையின் கையில் கொடுத்துக் கடைக்கு அழைத்துப்போவது நல்லது. ஒரு எச்சரிக்கை: நோட்டைக் குச்சிக்குப் பிறகே கொடுக்க வேண்டும். குச்சிக் கட்டுக்குள் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. நோட்டுக்குள் பத்து இருப்பதை நம்பத்தான் வேண்டும்.

பரமபத அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு கட்டம் உள்ள அட்டையில் பத்தைக் கூட்டப் பழக்கலாம் என்று நாமும் எடுத்து வைத்தோம். முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று பாம்புபோலவே வளைந்து போவதால், 7-க்கு நேர் மேலே 17 இல்லை, 14 இருக்கிறது! விளையாட்டுக்குச் சரி, பாடத்துக்கு ஆகாது. காகிதத்தில் நாமே பத்துக்குப் பத்துக் கட்டம் கிழித்து, ஒவ்வொரு வரிசையையும் இடது ஓரத்திலிருந்தே எழுதிக்கொண்டோம். அதில் 7-க்குக் கீழே 17, அதன் கீழே 27. 47-லிருந்து இரண்டு வீடு கீழே இறங்கினால் 67. மூன்று வீடு மேலே ஏறினால் 17. உதிரி அப்படியே இருக்கிறது, கட்டு மட்டும் மாறுகிறது என்பதை அவளே கண்டு சொன்னாள்.

நேற்று 70-ம் 50-ம் கேட்டோம். குச்சியைத் தொடாமல் சற்று மேலே பார்த்துவிட்டு, "பன்னிரண்டு பத்து" என்றாள். தாயார் மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தார். நாம் கையமர்த்தினோம். பன்னிரண்டு பத்து என்பது முழுச் சரியான விடை. நூற்றிருபது என்பது அதற்கு ஊரார் வைத்த பெயர். பன்னிரண்டு கட்டையும் எடுத்து வைத்து, அவற்றில் பத்தைச் சேர்த்து ஒரு பெருங் கட்டாகக் கட்டச் சொன்னோம். நூல் போதவில்லை. தன் தலைப் பின்னலை அவிழ்த்து ரிப்பனை எடுத்துச் சுற்றினாள்.

கட்டை அவிழ்த்துக் கழிக்கவேண்டிய கணக்கு, அதாவது 52-லிருந்து 38 போவது போன்றது, இன்னும் பாக்கி இருக்கிறது. 'கடன் வாங்குவது' என்று நாம் சொல்லிக் கொடுத்து, திருப்பிக் கொடுப்பதைப் பற்றி வாயே திறக்காத அந்த விவகாரத்தை மற்றொரு வாரம் பார்த்துக்கொள்வோம். ரிப்பன் இன்னும் நம் மேஜைமேல்தான் இருக்கிறது.